வராதவர்களின் கணக்கு

ஒரு கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கப் போனால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கைக்கு வருவது புறநோயாளிகள் பதிவேடு. போன மாதம் இத்தனை பேர், இந்த மாதம் இத்தனை பேர். பிறகு பிரசவ எண்ணிக்கை, தடுப்பூசி எண்ணிக்கை, ரத்தப் பரிசோதனை எண்ணிக்கை. சுவரில் அவற்றுக்கொரு வரைபடம் தொங்கும். கோடு மேலே ஏறினால் எல்லோருக்கும் திருப்தி.

இப்படிப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்தும், சிலவற்றுக்குப் படிவம் தயாரித்துக் கொடுத்தும் வந்தவன் நான். அந்தக் கோட்டிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் அனுபவம். கூட்டம் கூடியது நம்பிக்கை கூடியதாலும் இருக்கலாம், ஊரில் காய்ச்சல் பரவியதாலும் இருக்கலாம். முப்பது நாளுக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவந்த இடத்தில், கையிருப்புக் குறைந்து பத்து நாளுக்கு மட்டும் கொடுக்க ஆரம்பித்தால் ஒரே சர்க்கரை நோயாளி மாதத்தில் மூன்று முறை வருவார். பதிவேட்டில் அவர் மூன்று பேர். மருந்துத் தட்டுப்பாடு அறிக்கையில் முன்னேற்றமாக மாறிவிடும்.

வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கீழே, வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று ஓர் எண் இருந்தால்தான் அது கணக்கு. அந்தக் கீழ் எண் நிலையத்தின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அது ஊருக்குள், வீடு வீடாகக் கிடக்கிறது. அதைத் தேடிப் போகாத எந்த மதிப்பீடும் கட்டடத்தைத்தான் அளக்கிறது, ஊரின் ஆரோக்கியத்தை அளப்பதில்லை என்பது என் கட்சி.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பழைய ஆட்கள். 1940இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாகாணத்தில், போலேலா என்ற வறிய கிராமப் பகுதியில், சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினார்கள். சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளாமல், நிலையத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதற்குள் இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பட்டியலிட்டார்கள். யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்தக் குழந்தை இறந்தது என்று உள்ளூர் மொழி பேசும் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார்கள். எல்லையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பல ஆண்டு கவனிப்பில் இருந்த வீடுகளையும் புதிதாகச் சேர்ந்த வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மதிப்பீட்டுக்கென்று தனியாக ஒரு குழு வரவேண்டிய அவசியமே இல்லை. அன்றாட வேலைக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. நிறவெறி அரசு பின்னாளில் இந்த முயற்சியை முடக்கிவிட்டது.

அதற்கு முன், 1957இல், அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவர் அங்கே போய் வேலை பார்த்தார். அவர் பெயர் ஜாக் கைகர். பத்து ஆண்டுகள் கழித்து மிசிசிப்பியின் மவுண்ட் பேயூவில் அவர் முன்னின்று உருவாக்கிய சுகாதார நிலையம், அமெரிக்கக் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்கு முன்னோடி. பட்டினியால் மெலிந்த குழந்தைகளுக்கு அந்த நிலையத்து மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவு எழுதிக்கொடுத்தார்கள். மருந்தகக் கணக்கிலிருந்து கடைக்குப் பணம் போனது. நிதி கொடுத்த அரசு அலுவலகம், அது மருந்து வாங்கக் கொடுத்த பணம் என்று ஆட்சேபித்தது. ஊட்டச்சத்துக் குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதான் என்று பதில் போனது. இந்தக் கதையைப் பலரும் கைகரின் துணிச்சலுக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் தணிக்கை அதிகாரிதான் சுவாரசியமான பாத்திரம். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய படிவத்தில் 'மருந்து' என்று ஒரு கட்டம் இருந்தது, 'குழந்தை தேறியதா' என்று ஒரு கட்டம் இல்லை. அவ்வளவுதான்.

வேல்ஸ் நாட்டின் க்ளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் செய்த வேலையும் இதே வகை. சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். அதற்கும் முன்பே, 1968வாக்கில், தன் பொறுப்பில் இருந்த அந்தச் சிறிய ஊரின் பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்க முடிவுசெய்தார். ஏதோ ஒரு காரணத்துக்காக வருபவர்களை வந்த இடத்தில் பார்த்தார். வராதவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். ரத்தக்கொதிப்பு வலிக்காது. வலிக்காத நோய்க்காரர் தானாக நிலையத்துக்கு வரமாட்டார். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, இப்படித் தேடிப்பிடிக்கும் முறை இல்லாத பக்கத்து ஊரைவிட அவருடைய ஊரில் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. இரண்டு ஊர்களை மட்டும் ஒப்பிடுவது பலவீனமான சான்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரைத் திட்டங்களை மதிப்பிடும்போது இதைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு: ஊரில் 300 பேருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 150. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் 90. சாப்பிட்டு, அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 45. நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்தால் 90க்கு 45, அதாவது பாதிக்குப் பாதி, பாராட்டத் தோன்றும். ஊரைப் பார்த்தால் நூற்றுக்கு பதினைந்து. இரண்டும் உண்மையான எண்கள். எதை மேலிடத்துக்கு அனுப்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கட்டடத்துக்குள்ளேயே பார்ப்போம் என்றாலும் அதுவும் எளிதில்லை. 1966இல் அவெடிஸ் டொனபேடியன் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். அன்றிலிருந்து எல்லா ஆய்வுப் படிவமும் அந்தப் பிரிவில்தான் ஓடுகிறது. ஆனால் பக்கங்களை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி முதல் பிரிவுக்கே போயிருக்கும். படுக்கை எத்தனை, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா, ஜெனரேட்டர் உண்டா, பணியிடங்கள் எத்தனை நிரம்பியிருக்கின்றன. இவற்றை எண்ணுவது சுலபம் என்பதால்தான் எண்ணுகிறோம்.

பணியிடம் நிரம்பியிருப்பதும் ஆள் இருப்பதும் வேறு வேறு. முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய நாடுகளில் சராசரியாக 35 சதவீத சுகாதாரப் பணியாளர்கள் அந்த நேரத்தில் இடத்தில் இல்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டுஃப்ளோ மூவரும் செய்த ஆய்வில், துணை நிலையங்கள் வேலை நேரத்தில் 56 சதவீதம் பூட்டியே இருந்தன. என்றைக்குத் திறந்திருக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும் நிலையத்தை ஊர் பழக்கப்படுத்திக்கொள்ளும். எப்போது திறக்கும் என்றே தெரியாத நிலையத்தை ஊர் கைவிட்டுவிடும்.

அடுத்து நடந்ததுதான் மதிப்பீட்டுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி. செவிலியர்களின் வருகையை நேரமுத்திரை இயந்திரம் வைத்துக் கண்காணித்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் ஏற்பாட்டை உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றும் மாவட்டச் சுகாதார நிர்வாகமும் சேர்ந்து கொண்டுவந்தன. முதல் சில மாதங்கள் வருகை நன்றாகக் கூடியது. பிறகு பதிவேட்டில் ஒரு புதுப் பத்தி கனக்கத் தொடங்கியது: 'விலக்கு அளிக்கப்பட்ட நாள்'. கூட்டம், கணக்கெடுப்பு, வெளிவேலை என்று ஏதோ ஒரு காரணம். வராத நாட்கள் குறைந்தன, விலக்கு நாட்கள் பெருகின. ஏறக்குறைய பதினாறு மாதத்தில், கண்காணித்த நிலையங்களுக்கும் கண்காணிக்காத நிலையங்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. இயந்திரத்தின் மேல் பிழை இல்லை. அதை ஒன்றுமில்லாமல் ஆக்க மேலே இருந்தவர்களே அனுமதித்தார்கள்.

செவிலியரைத் திட்டிவிட்டுப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஆளிடம் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றையும் சுமத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிக்கை கேட்டால், அவர் அறிக்கை எழுதும் ஊழியராகத்தான் ஆவார். மதிப்பீடு என்ற பெயரில் நாம் கூட்டும் ஒவ்வொரு பத்தியும் ஒரு வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தின்கிறது. என் துறையில் இதைப் பேசுபவர்கள் மிகவும் குறைவு.

ஆள் இருந்தாலும் என்ன செய்கிறார் என்ற கேள்வி மிஞ்சும். நோயாளி போல நடிக்கப் பயிற்சி கொடுத்தவர்களை மத்தியப் பிரதேசக் கிராமங்களில் அனுப்பிப் பார்த்தார்கள், ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும். நெஞ்சுவலி, ஆஸ்துமா, வீட்டில் இருக்கும் குழந்தைக்குச் சீதபேதி என்று ஒரே கதையை எல்லா இடத்திலும் சொன்னார்கள். அரசு நிலையத்தில் கேட்ட கேள்விகளைவிட, தன் சொந்த கிளினிக்கில் அதே மருத்துவர் அதிகக் கேள்வி கேட்டார், சரியான சிகிச்சையும் அதிகமாகக் கொடுத்தார். அறிவு மாறவில்லை, இடம்தான் மாறியது. பயிற்சி முகாம் நடத்தி இதைச் சரிசெய்ய முடியுமா? 'தகுதி பெற்ற மருத்துவர் உண்டா' என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்துவிட்டு வந்தவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வாய்ப்பில்லை.

செயல்முறையைச் சரிசெய்தால் விளைவு தானாக வரும் என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த பெரிய அடி உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. பிரசவ நேரத்தில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பயிற்சியாளர்களை அனுப்பிச் செவிலியரோடு நின்று பழக்கும் 'பெட்டர்பர்த்' ஆய்வு, 120 நிலையங்களில் 1,57,689 தாய்-சேய் இணைகளைச் சேர்த்துக்கொண்டது. முடிவு 2017இல் வந்தது. இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு, அந்த நிலையங்களில் செய்யவேண்டியவற்றில் சுமார் 73 சதவீதம் நடந்தது. மற்ற நிலையங்களில் 42 சதவீதம். கை கழுவுவது உட்படப் பல பழக்கங்கள் தேறின. ஆனால் ஏழு நாளுக்குள் தாயோ சேயோ இறந்த, அல்லது தாய்க்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்ட விகிதம், பழக்கிய நிலையங்களில் 15.1 சதவீதம், மற்றவற்றில் 15.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: சுகப்பிரசவத்துக்குச் சரியான கவனிப்பு கிடைத்தது, சிக்கலான பிரசவத்துக்கு வேண்டியது அங்கே இல்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்கும், ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கும் பட்டியல் மட்டும் போதாது. அறுவைச் சிகிச்சை, ரத்தம், வண்டி, போய்ச் சேரும் இடத்தில் ஆள் என ஒரு சங்கிலி தேவை. நான் இந்த ஆய்வை மதிப்பது இன்னொரு காரணத்துக்காக. தாய் வீட்டுக்குப் போன பிறகும் தொலைபேசியிலோ நேரிலோ தேடிப்பிடித்து விசாரித்ததால்தான் இந்த விளைவு தெரிந்தது. பதிவேட்டோடு நின்றிருந்தால், 73 என்ற எண்ணை வெற்றி என்று அச்சடித்து விழா எடுத்திருப்பார்கள்.

இங்கே கொஞ்சம் கூட்டல் கழித்தல். 'இந்த நிலையத்தில் இந்த ஆண்டு தாய் இறப்பு இல்லை' என்று பலகை வைப்பதுண்டு. 30,000 பேருக்கு ஒரு நிலையம், ஆயிரத்துக்கு 15 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 450 குழந்தைகள். லட்சம் பிறப்புக்கு 100 தாய்மார் இறக்கும் நிலைமையிலும்கூட அந்த நிலையத்தின் எல்லையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு மரணம் நேர்ந்தால் அதிகம். ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில், பெரும்பாலான நிலையங்களில், எதுவுமே செய்யாமலிருந்தாலும் பூஜ்யம் வரும். சிசு மரணம் ஆயிரத்துக்கு 20 என்றால் ஆண்டுக்கு 9. தற்செயலாகவே ஓர் ஆண்டு 5 ஆகும், இன்னோர் ஆண்டு 14 ஆகும். ஐந்து வந்த ஆண்டில் விருதும், பதினான்கு வந்த ஆண்டில் விளக்கம் கேட்கும் கடிதமும் போகும். இரண்டுமே அர்த்தமற்றவை. தனி நிலையத்தை மரண எண்ணிக்கையால் தரவரிசைப்படுத்துவது கணக்கு தெரியாதவர்கள் செய்யும் வேலை. மாவட்டம் முழுவதையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அந்த எண் பேசும். பிரேசிலின் குடும்பச் சுகாதாரத் திட்டத்தில் அப்படித்தான் தெரிந்தது. ஊர்ப் பணியாளர் தனக்கு ஒதுக்கிய வீடுகளுக்கு மாதாமாதம் போகும் அந்தத் திட்டத்தின் பரப்பு பத்து சதவீதம் கூடினால் சிசு மரணம் சுமார் 4.5 சதவீதம் குறைகிறது என்று, மாநிலங்களின் 1990 முதல் 2002 வரையிலான தரவுகளை வைத்துக் கண்டார்கள்.

மரணத்தை மறைக்கத் திட்டமிட வேண்டியதே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. சிக்கலான நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் போதும். அவர் வழியில் இறந்தால் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். போய்ச் சேர்ந்து இறந்தால் அந்த ஆஸ்பத்திரியின் கணக்கு. திருப்பி அனுப்பப்பட்டு வீட்டில் இறந்தால் வீட்டின் கணக்கு. எல்லோரையும் அனுப்பிவிடும் நிலையத்தின் ஏடு பளிங்கு போலிருக்கும். பத்தில் எட்டுச் சிக்கலைத் தானே சமாளித்து ஒருவரை இழந்த நிலையத்தில் விசாரணை நடக்கும். இதைப் பார்த்து அடுத்தவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

எண்கள் பொய் சொல்லும் விதங்களில் சில அப்பாவித்தனமானவை. ரத்த அழுத்தப் பதிவேட்டில் கடைசி இலக்கம் பூஜ்யமாகவே வந்துகொண்டிருந்தால், காதில் கேட்டதைக் கை பக்கத்துப் பத்தாக மாற்றி எழுதியிருக்கிறது. பிறப்பு எடை சரியாக 2,500 கிராமில் குவிந்திருந்தால், எடை குறைவு என்று பதிந்தால் வரும் கூடுதல் வேலையையும் கேள்விகளையும் யாரோ தவிர்த்திருக்கிறார்கள். ஏட்டைத் திறந்ததும் இந்த இரண்டையும் நான் முதலில் பார்ப்பேன். ஆளைக் குற்றம் சாட்ட அல்ல, மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள.

நோயாளி திருப்தி ஆய்வுகளைப் பற்றி ஒரு வரி போதும். வெளியே வருபவரை வாசலில் நிறுத்திக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், நாளைக்கும் அதே வாசலுக்கு வரவேண்டியவர் அவர். மனம் வெறுத்துப் போனவர் அந்த வாசலிலேயே இல்லை.

ஊர்மக்களையே மதிப்பிட வைத்தால் என்ன என்பது அழகான யோசனை. உகாண்டாவில் அதைச் செய்து பார்த்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஐம்பது நிலையங்களில் நடந்த ஆய்வு. உலகமெங்கும் நிதி கொடுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அதே நாட்டில், அதைவிடப் பல மடங்கு அதிகமான நிலையங்களில் அதைப் போன்றதொரு திட்டத்தைச் செய்தபோது, இறப்பில் மாற்றம் தென்படவில்லை. ஊர்க்கூட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஆய்வை நம்பிக் கொள்கை எழுதுவது ஆபத்து என்பேன்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஊரில் நடக்கும் சாவுக்கெல்லாம் நிலையம் எப்படிப் பொறுப்பாகும்? சாலை, குடிநீர், வறுமை, குடி எல்லாம் மருத்துவர் கையிலா இருக்கின்றன? இல்லைதான். அதனால்தான் ஊரின் கணக்கைத் தண்டனைக்கு உபயோகிக்கக் கூடாது. ஆனால் நிலையம் அதைத் தெரிந்துவைத்திருக்கவே வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி செய்தது இதைத்தான். பச்சிளம் குழந்தை மரணங்கள் அரசு ஏடுகளில் விடுபட்டுப்போவதைப் பார்த்து, கிராமத்து ஆட்களைக் கொண்டே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எண்ணினார்கள். எண்ணிய பிறகு எந்த நோயில் குழந்தைகள் போகிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு, வீட்டுக்கே போய்க் கவனிக்க ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்தார்கள். 39 கிராமங்களை மற்ற 47 கிராமங்களோடு ஒப்பிட்டதில், மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் கொள்கையை மாற்றியது. எண்ணுவதற்கு முன் அங்கே செய்யத் தோன்றியிருக்கக்கூடிய எதுவும் இந்தப் பலனைத் தந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு நிலையத்தை மதிப்பிட எனக்குக் கொஞ்சம் பணமும் நாலு ஆட்களும் கொடுத்தால், நிலையத்துக்கு ஒரு நாள்தான் ஒதுக்குவேன். மீதி நாட்களுக்குப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த வீடுகளுக்குப் போகச் சொல்வேன். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும், கடைசியாக உடம்பு சரியில்லாதபோது எங்கே போனீர்கள், ஏன் அங்கே என்று கேட்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எல்லைக்குள் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், வயது எதுவாயினும், ஒரு பக்கம் எழுத வேண்டும்: நோய் எப்போது தெரிந்தது, போக வேண்டும் என்று முடிவெடுக்க எவ்வளவு நேரமானது, போய்ச் சேர எவ்வளவு நேரமானது, சேர்ந்த பிறகு கவனிக்க எவ்வளவு நேரமானது. தாய் இறப்புக்காக இந்த மூன்று தாமதங்களையும் தடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் வகுத்தார்கள். எந்த மரணத்துக்கும் அது பொருந்தும். துக்க வீட்டில் போன உடனே கேட்கக் கூடாது, சில வாரம் பொறுக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டவும் விடக் கூடாது, நேரங்களையும் நாட்களையும் குடும்பத்தார் மறந்துவிடுவார்கள். அந்தப் பக்கங்களின் முதல் பிரதி நிலையத்துச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் போக வேண்டும், மாவட்ட அலுவலகத்துக்கு அப்புறம்தான்.